ஆறு ராணிகளா, ஒற்றை ஆளா: எடின்பரோ ஃப்ரிஞ்சில் எதற்கு டிக்கெட் எடுப்பது?

ஆகஸ்ட் மாதம் ஃப்ரிஞ்ச் கலைவிழாவுக்காக ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் திண்டாட்டம் ஒன்றுதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கும், நம் கையில் இருப்பதோ இரண்டு மூன்று நாள். 1947இல் அங்கே பெரிய கலைவிழா தொடங்கியபோது அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் தாமாக வந்து ஓரத்தில் நாடகம் போட்டன. ஃப்ரிஞ்ச் பிறந்தது அப்படித்தான். இன்றைக்கும் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சொல்ல நடுவர் குழு கிடையாது. இடம் பிடித்துச் செலவைத் தாங்க முடிந்தால் யாரும் மேடை ஏறலாம். அதனால் சலித்தெடுக்கும் வேலை முழுக்கப் பார்க்கிறவர் தலையில் விழுகிறது.

புதிதாக எழுதப்பட்ட மியூசிக்கலா (பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்வது), புதிய நாடகமா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன அறையை அவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரே அறையில் காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதற்குள் ஒரு குழு சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், இன்னொரு குழு உள்ளே வந்து தயாராக வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கதையும் முடிந்தாக வேண்டும். இந்த நெருக்கடிக்குள் அரண்மனை செட், படிக்கட்டு, திரைச்சீலை எதுவும் வேலைக்கு ஆகாது.

அங்கேயிருந்து உலகம் முழுக்கப் போன இரண்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் 'சிக்ஸ்'. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டோபி மார்லோ, லூசி மாஸ் இருவரும் எழுதி, 2017இல் மாணவர்களை வைத்தே ஃப்ரிஞ்சில் போட்டது. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் ஒரு பாப் குழுவாக வந்து நிற்கிறார்கள். யார் அதிகம் துன்பப்பட்டாளோ அவளே குழுவுக்குத் தலைவி என்று போட்டி. கதை சொல்லும் விதமே கச்சேரி என்பதால் இடம் மாற்றிக் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. மைக்கும் வெளிச்சமும் பாட்டும் போதும்.

அதில் ஐந்தாம் ராணி கேத்ரின் ஹோவர்டின் பாட்டை மட்டும் உற்றுக் கேளுங்கள். துள்ளலான கொஞ்சல் பாட்டாகத்தான் ஆரம்பிக்கும். சரணத்துக்கு ஒரு ஆண் வருகிறான்: முதலில் சிறுமியாக இருந்தபோது சங்கீதம் சொல்லிக்கொடுக்க வந்தவன், பிறகு இன்னொருவன், அப்புறம் ராஜா, கடைசியில் நண்பன் என்று நம்பியவன். பல்லவியின் மெட்டு மாறுவதே இல்லை, ஆனால் நாலாவது முறை வரும்போது அந்தக் குரலில் கொஞ்சல் வற்றிப்போயிருக்கிறது, கூட ஆடுகிறவர்களின் கைகள் அவள் மேல் படப்பட அவள் சுருங்குகிறாள், சற்று முன்பு தாளம் போட்டுக்கொண்டிருந்த நம் கையும் தானாக நின்றுவிடுகிறது. 1542இல் தலை வெட்டப்பட்டபோது அவளுக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மியூசிக்கலால் மட்டுமே செய்ய முடிந்த காரியம் இது. மெட்டு ஒன்றாகவே இருக்கும்போது பொருள் மட்டும் மாறுவதைப் பாட்டில் காட்டுவதுபோல வசனத்தில் காட்ட முடியாது. குறை என்று எனக்குப் படுவது முடிவு. போட்டியே வேண்டாம் என்று ராணிகள் தீர்மானிக்கும் இடம் அவசர அவசரமாக வந்து போகிறது. 2022இல் சிறந்த இசைக்கான டோனி விருது (அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது) இதற்குக் கிடைத்தது, அந்த ஒரு பாட்டுக்கே கொடுக்கலாம்.

எதிர்ப்பக்கம் 'எவ்ரி ப்ரில்லியண்ட் திங்' என்ற நாடகம். நாடக ஆசிரியர் டங்கன் மாக்மில்லன், நகைச்சுவைக் கலைஞர் ஜானி டோனஹோவுடன் சேர்ந்து உருவாக்கியது. 2014இல் எடின்பரோவுக்கு வந்தது, நடித்ததும் டோனஹோதான். தற்கொலைக்கு முயன்ற அம்மாவுக்காக ஏழு வயதுப் பிள்ளை, வாழ்வதற்குக் காரணமாக இருக்கும் நல்ல விஷயங்களைப் பட்டியல் போடத் தொடங்குகிறது. முதலாவது, ஐஸ்கிரீம். பிள்ளை வளர வளரப் பட்டியலும் வளர்கிறது. (மனம் கனத்திருக்கும் நாளில் போகிறவர்கள் இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டே போங்கள்.)

சுற்றிலும் பார்வையாளர்கள், நடுவில் ஒரே நடிகர், விளக்கை அணைப்பதே இல்லை. தொடங்குவதற்கு முன்பே அவர் வந்து பலருக்கு அந்தப் பட்டியலில் இருப்பதை எண்ணோடு எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் எண்ணைச் சொன்னதும் அந்தச் சீட்டில் இருப்பதை நாம் படிக்க வேண்டும். ஓர் இடத்தில் யாரோ ஒருவர் போட்டிருக்கும் கோட் ஒன்றை வாங்கி மடித்துக் கையில் ஏந்திக்கொள்கிறார், அதுதான் அவருடைய வயதான நாய். பார்வையாளர்களில் இன்னொருவர் கால்நடை மருத்துவர், அவர் கையில் இருக்கும் பேனாதான் நாய்க்குப் போட வேண்டிய கடைசி ஊசி. கோட் என்று எல்லோருக்கும் தெரியும், விளக்கும் எரிகிறது. ஆனாலும் அந்தப் பேனா துணியில் படும்போது கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. செட் இல்லை என்ற குறையே அங்கே தோன்றாது, ஏனென்றால் செட்டும் துணை நடிகர்களும் நாம்தான்.

திட்டமிடாமல் நடப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதேபோல இரண்டு வழி உண்டு. 2008இலிருந்து எடின்பரோவுக்கு வரும் 'ஷோஸ்டாப்பர்' குழு, கதைக்களம், தலைப்பு, பாட்டின் பாணி எல்லாவற்றையும் கூட்டத்திடம் கேட்டு அங்கேயே ஒரு மியூசிக்கலை இட்டுக்கட்டும். குடும்பத்தோடு போக அருமையானது. 2011இல் வந்த 'வைட் ராபிட் ரெட் ராபிட்' வேறு ரகம். ராணுவ சேவைக்கு மறுத்ததால் அப்போது பாஸ்போர்ட் கிடைக்காமல் இருந்த ஈரானிய எழுத்தாளர் நாசிம் சுலைமான்பூர், தனக்குப் பதிலாகத் தன் எழுத்து பயணம் போகட்டும் என்று எழுதியது. ஒவ்வொரு நாளும் வேறு நடிகர். உறையைப் பிரித்துப் பிரதியை அவர் முதன்முதலாகப் பார்ப்பதே மேடையில்தான். இந்த இரண்டில் என் ஓட்டு இதற்குத்தான். இட்டுக்கட்டுகிறவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள், விழமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். உறையைப் பிரிக்கும் நடிகருக்கோ அடுத்த வரியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது.

செலவையும் யோசியுங்கள். ஆகஸ்டில் அந்த ஊரில் தங்குவதற்கு ஆகும் வாடகை கொடுமையானது, அதை ஆறேழு பேருக்குக் கொடுத்து வாத்தியங்களையும் கொண்டுவர வேண்டியிருப்பதால் பல மியூசிக்கல்கள் ஒற்றைக் கீபோர்டோடும் பதிவு செய்த இசையோடும் வந்து நிற்கும். ஒரு நிலவறையில் நான் பார்த்ததில் பாட்டின் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை, நல்ல கதை வீணாய்ப் போனது. அதனால் மியூசிக்கல் என்றால் முதலில் இரண்டு பாட்டை இணையத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் நாடகம் என்றே சொல்வேன். நல்ல மியூசிக்கல் எப்படியும் பெரிய மேடைக்குப் போய்விடும், அங்கே முழு வாத்தியக் குழுவோடு இன்னும் நன்றாகவே இருக்கும். 'சிக்ஸ்' அப்படித்தான் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. ஒரு கோட் நாயாக மாறும் நாடகத்துக்கு அந்தச் சின்ன அறையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்நியரும் வேண்டும். இரண்டு பார்க்கலாம் என்றால் பகலில் நாடகம், ராத்திரிக்கு மியூசிக்கல். அப்புறம், கையில் சீட்டு கிடைத்தால் மூக்குக் கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள், உங்கள் எண்ணை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள்.