பெர்ல் மாட்யூல் நிறுவ எது சரி: சீபேனா, சீபேன்-எம்மா, ஆப்ட்டா?

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டங்களில் பெர்ல் மொழிக்கான ஒரு மாட்யூலை (புரோகிராமில் எடுத்துப் பயன்படுத்தும் தயார்க் குறியீட்டுத் தொகுப்பை) நிறுவக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு: பெர்லுடனேயே வரும் சீபேன் கட்டளை, தனியாக இறக்கிக்கொள்ளும் சீபேன்-எம், சிஸ்டத்தின் சொந்த பேக்கேஜ் மேலாளரான ஆப்ட். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது வேறு. மாட்யூல் யாருக்கு வேண்டும்? சிஸ்டத்தோடு வந்த பெர்லுக்கா, நீங்கள் எழுதும் புரோகிராமுக்கு மட்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

சீபேன் மாட்யூல் களஞ்சியம் 1995-இல் வந்தது. அதே பெயரில் உள்ள கட்டளைக்குப் பெரிய பலம், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதுதான். முதல் தடவை ஓட்டும்போது, எல்லாவற்றையும் நானே அமைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். என்டர் தட்டினால் போதும். சிஸ்டம் டைரக்டரியில் எழுத அனுமதி இல்லையென்றால் ஹோம் டைரக்டரிக்குள் பெர்ல்5 என்று ஒரு இடம் ஒதுக்கி, பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) அமைப்புக் கோப்பில் தேவையான வரிகளைச் சேர்க்கட்டுமா என்றும் கேட்கும். பழைய காலத்தில் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு ஆளை விரட்டிய கருவி இது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை, ஆனால் இப்போது அவ்வளவு மோசமில்லை. வளவளவென்று பேசுவது மட்டும் மாறவில்லை. ஒரு சின்ன மாட்யூலுக்குக்கூட முழு அட்டவணையையும் இறக்கிப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும்.

2010-இல் தத்ஸுஹிகோ மியாகவா வெளியிட்ட சீபேன்-எம் இதற்கு நேர் எதிர். கேள்வியே கிடையாது. வேண்டிய மாட்யூலைப் பற்றி மட்டும் விசாரிக்கும், இறக்கும், கட்டும், டெஸ்ட் ஓட்டும், நிறுவும். திரையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி, வரியின் கடைசியில் ஓகே. தோற்றால் ஃபெயில் என்று சொல்லி, முழு விவரமும் இருக்கும் பில்ட் லாக் எங்கே என்று காட்டும். ஒரு புராஜெக்ட் டைரக்டரிக்குள் போய் இன்ஸ்டால்டெப்ஸ் விருப்பத்தோடு ஒரு புள்ளி வைத்தால், அந்த புராஜெக்டுக்கு வேண்டிய மாட்யூல்கள் மொத்தமும் வரிசையாக வந்து இறங்கும். தினசரி வேலைக்கு என் கை போவது இதன் பக்கம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் புதியவர்களைத் தவிக்க விடும். அனுமதி இல்லாத இடத்தில் ஓட்டினால் ஹோம் டைரக்டரியில் நிறுவப் போகிறேன் என்று எச்சரித்துவிட்டுத் தன் வேலையை முடித்துவிடும். பாஷ் கோப்பைத் தொடாது. நிறுவியாயிற்று என்று ஸ்கிரிப்டை ஓட்டினால், மாட்யூலைக் காணோம் என்று பெர்ல் கையை விரிக்கும். லோக்கல்::லிப் என்ற மாட்யூல் வழியாக, எங்கே தேட வேண்டும் என்று பெர்லுக்குச் சொல்லும் சூழல் மாறிகளை நீங்கள்தான் அமைக்க வேண்டும். அமைத்த பிறகும் டெர்மினலில் ஓடுவது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடாது, ஏனென்றால் கிரான் உங்கள் பாஷ் கோப்பைப் படிப்பதில்லை. ஸ்கிரிப்டின் தலையிலேயே 'யூஸ் லிப்' என்று பாதையைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

சரி, ஆப்ட்டுக்கு வருவோம். பெயர் வைக்கும் முறை எளிது: எக்ஸ்எம்எல்::பார்சர் வேண்டுமென்றால் லிப்எக்ஸ்எம்எல்-பார்சர்-பெர்ல். இந்த மாட்யூலையே எடுத்துக்கொள்ளுங்கள். இதன் ஒரு பகுதி சி மொழியில் இருக்கிறது, எக்ஸ்பாட் நூலகத்தை நம்பி நிற்கிறது. சீபேன்-எம் வழியாகப் போனால் சி கம்பைலரும் எக்ஸ்பாட்டின் ஹெடர் கோப்புகளும் முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் லாக்கைத் திறந்து, எது குறைகிறது என்று பார்த்து, அதை ஆப்ட்டில் நிறுவிவிட்டு மறுபடி வர வேண்டும். எப்படியும் ஆப்ட்டிடம் போகத்தான் போகிறோம் என்றால் மாட்யூலையே அங்கே வாங்கிவிடலாமே! கட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ், எஸ்எஸ்எல் சம்பந்தப்பட்ட மாட்யூல்களுக்கும் இதே கதைதான். குறை என்னவென்றால், டெபியன் ஸ்டேபிள் வெளியான நாளில் இருந்த பதிப்போடு அது நின்றுவிடும், அப்புறம் எல்லா மாட்யூலும் அங்கே கிடைக்காது.

ஆப்ட்டையும் சீபேன்-எம்மையும் கலக்கலாமா? கலக்கலாம், சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்ட வைக்கும் கட்டளை) போட்டுக் கலக்காதீர்கள். சூடோவோடு சீபேன்-எம் ஓட்டினால் மாட்யூல் யூஎஸ்ஆர்-லோக்கல் டைரக்டரிக்குப் போகும். டெபியனின் பெர்ல் மாட்யூல் தேடும்போது அதைத்தான் ஆப்ட் வைத்த இடத்துக்கு முன்னால் பார்க்கிறது. ஆகவே உங்கள் ஸ்கிரிப்டுக்காகக் கொண்டுவந்த புதிய பதிப்பு, சிஸ்டத்தின் சொந்த பெர்ல் கருவிகளுக்கும் போய்ச் சேரும். பேக்கேஜ் நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் கூட பெர்லில் எழுதியதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

சிஸ்டத்தை அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றும்போது வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். பெர்லின் பதிப்பு மாறும். ஆப்ட் மாட்யூல்கள் புதிய பெர்லுக்கென்று கட்டப்பட்டு வந்துவிடும். ஹோம் டைரக்டரியில் இருப்பவற்றில் சுத்த பெர்ல் மாட்யூல்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஜேசன்::எக்ஸ்எஸ் போல சி கலந்தவை, நூலகமும் பெர்லும் ஒத்துப்போகவில்லை, ஹேண்ட்ஷேக் கீ வேறு என்று புலம்பும். புதிதாக வருபவருக்கு ஏதோ நெட்வொர்க் பிரச்சினை போலத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை, அந்த மாட்யூலை மறுபடி நிறுவினால் போதும்.

பாதுகாப்பில் இரண்டு சீபேன் கருவிகளுக்கும் பழைய கணக்கு உண்டு. 2.35-க்கு முந்தைய சீபேன் மாட்யூல், எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களைச் சரிபார்க்காமலே இறக்கியது. சீபேன்-எம் 1.7047 வரை சாதாரண எச்டிடிபியையே பயன்படுத்தியது. சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குழுவாக வேலை செய்தால் கார்ட்டன் என்ற கருவி. சீபேன்ஃபைல் என்ற கோப்பில் என்ன வேண்டும் என்று எழுதினால், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்பதை ஸ்னாப்ஷாட் கோப்பில் பூட்டி வைக்கும். உங்கள் மெஷினில் இருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும். வேகம்தான் முக்கியம் என்றால் சிபிஎம் என்று இன்னொரு நிறுவும் கருவி இருக்கிறது: பல மாட்யூல்களை ஒரே நேரத்தில் கட்டும், ஆனால் நீங்களாகச் சொன்னால் ஒழிய டெஸ்ட் ஓட்டாது.

நீக்குவதில் ஆப்ட்டை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சீபேன்-எம்மில் நீக்கும் விருப்பம் இருந்தாலும், கூடவே வந்த சார்பு மாட்யூல்கள் அப்படியே கிடக்கும். கார்ட்டனில் எல்லாம் புராஜெக்டுக்குள் லோக்கல் என்ற ஒரே டைரக்டரியில் இருப்பதால், அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.