துருக்கியில் டம்மி டக், ஊர் திரும்பியதும் சீழ்: எங்கே போவது?

இஸ்தான்புல்லில் டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டு பிரிட்டன் திரும்பியவருக்குத் தையல் பிரிந்து சீழ் வடிந்தால் மூன்று வழி உண்டு: ஆபரேஷன் செய்த கிளினிக், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், உள்ளூர் தனியார் சர்ஜன்.

கிளினிக் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்கும், "வாங்க, இலவசமாகச் சரிசெய்கிறோம்" என்றும் சொல்லும். பெரும்பாலும் சர்ஜன் கட்டணம்தான் இலவசம்; டிக்கெட்டும் ஹோட்டலும் உங்கள் தலையில். வடிவம் பிடிக்கவில்லை என்றால் இந்த வழி சரி, அதுவும் வடு இளகி வீக்கம் வடிய ஆறு மாதமாவது பொறுத்து. காய்ச்சலும் சீழுமாக விமானம் ஏறவே கூடாது. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

காயத்துக்கு என்எச்எஸ்தான். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே அவசர உதவி எண் 999. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொப்புள் கோணலாக இருப்பதையெல்லாம் அவர்கள் திருத்தித் தரமாட்டார்கள், கேட்டுப் பயனில்லை.

அங்கே போனதும் 'வெளிநாட்டில் ஆபரேஷன்' என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் வழக்கமான கல்ச்சரை (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரண்டு மூன்று நாளில் முடித்து 'கிருமி இல்லை' என்று எழுதிவிடுவார்கள். மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் போன்ற கிருமி அதற்குள் வளராது. பல வாரம் கழித்துத் தழும்பு ஓரமாகச் செந்நீல முடிச்சுகள் கிளம்பும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது. சோதனைக்கு மேலோட்டமாகப் பஞ்சில் துடைத்து எடுத்தால் போதாது. சீழையோ திசுத் துண்டையோ எடுத்து, மைக்கோபாக்டீரியா கல்ச்சர் என்று தனியாகக் குறித்து அனுப்ப வேண்டும். உறுதியானால் இரண்டு மூன்று மருந்து சேர்த்து மாதக்கணக்கில் சிகிச்சை.

தனியாரிடம் போக ஏற்ற பிரச்சினை, தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வது. ஊசியால் உறிஞ்சுவார்கள், சில வாரம் திரும்பத் திரும்பப் போக வேண்டிவரும். ஆனால் இன்னொருவர் அறுத்த வயிற்றைத் தொட மறுக்கும் சர்ஜன்கள் பலர். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், கட்டணத்தையும் சேர்த்து.

பழைய கிளினிக்கோடு சண்டை போட்டு முறித்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த ஆன்டிபயாட்டிக் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். துருக்கியில் சம்மரியை 'எபிக்ரிஸ்' (epikriz) என்பார்கள். அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.