ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலா? பணம் கட்டும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள் (பெங்களூரு)

பெங்களூரில் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டுப் பெரியவர் யாராவது தனியாகப் போய் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். என் தாய்மாமாவிடம் கியர்பாக்ஸைக் கழற்றவே கழற்றாமல், கழற்றி ஓவர்ஹால் (பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றுவது) செய்ததாகச் சொல்லி 1,65,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2019 மாடல், 1.9 லிட்டர் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். மாமாவுக்கு இடது முழங்கால் தேய்மானம், கிளட்ச் மிதிக்க முடியாது. வீடு அல்சூரில், கொஞ்சம் நிலம் சூளகிரிப் பக்கம், அதனால் தேடிப் பிடித்து வாங்கிய வண்டி. இத்தனை வருடமாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. போன மழைக்காலத்தில் சில்க் போர்டு பக்கம் பாதிச் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் வெகுநேரம் நின்றது, அதற்கு அப்புறம்தான் எல்லாம் ஆரம்பித்தது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு உதறல், செக் லைட் எரியும், அதோடு ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் கத்துமே தவிர வேகம் ஏறாது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும், மறுபடி அதே கதை.

இந்த "அணைத்துப் போட்டால் சரியாகிறது" என்பதுதான் முக்கியமான தடயம். கிளட்ச் மிதி இல்லாவிட்டாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் பிளேட்டுகள் உண்டு; அவை தேய்ந்திருந்தால் சாவியைத் திருப்பியதும் புதிதாகிவிடாது. சென்சார் சொல்லும் வேகமும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், கம்ப்யூட்டர் கியர் மாற்றுவதை நிறுத்தி ஒரே கியரில் பூட்டிவிடும். லிம்ப் மோட் என்பது அதுதான், கியர்பாக்ஸைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. அணைத்துப் போடும்போது கணக்கு முதலிலிருந்து தொடங்குவதால் வண்டி ஓடுகிறது. இப்படி வந்து வந்து போகிற கோளாறு என்றால் ஒயர், கனெக்டர், சென்சார், பேட்டரி டெர்மினல், எர்த் எல்லாம் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸுக்குள் கை வைக்க வேண்டும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் என்ன நடந்தது என்றால், வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் தமிழில் பேசியிருக்கிறார், மாமாவின் ஊரைக் கேட்டு, "நானும் அந்தப் பக்கம்தான் அண்ணே, உங்களுக்கு நான் தப்பா செய்வேனா" என்றிருக்கிறார். வெளியூரில் அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மரியாதையை இப்படிப் பயன்படுத்தியதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. 80,000 அட்வான்ஸ் ஜிபேயில். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, ஒரு டிரேயில் கருகிப்போன கிளட்ச் பிளேட்டுகளை வைத்துக் காட்டி, "பாருங்க, உங்க வண்டியோடது" என்றிருக்கிறார்கள். மாமா அதைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார். வண்டி மட்டும் அப்போது அவர் கண்ணில் படவே இல்லை, "உள்ளே ரேம்ப்பில் இருக்கு, ஆள் விட மாட்டோம்". பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் கூட ஆகும் என்று சொல்லி, துண்டுச் சீட்டில் "ஏ.டி. ஓவர்ஹால்" (ஏ.டி. என்றால் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்) என்று ஒரே வரி. எந்தப் பாகம் மாற்றினார்கள், பார்ட் நம்பர் என்ன, எதுவும் கிடையாது.

வண்டி வீட்டுக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஓசூர் ரோட்டில் அதே உதறல், அதே செக் லைட். போன் செய்தால், "இப்போ கம்ப்யூட்டர் போயிடுச்சு, இன்னொரு 70,000 ஆகும்" என்கிறார்கள். மாமா கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார். அங்கேதான் நான் தடுத்து, வில்சன் கார்டனில் எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் ஸ்கேனரை மாட்டினார். வந்த ஃபால்ட் கோட் (கோளாறு எண்) பி0720. அவுட்புட் ஸ்பீட் சென்சார், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சார், அதன் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். அப்புறம் வண்டியை ரேம்ப்பில் ஏற்றி டார்ச் அடித்தவர், கன்னடத்தில் என்னைக் கூப்பிட்டு, "இது எப்போ இறக்கின கியர்பாக்ஸ்?" என்று கேட்டார். எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்துப் போல்ட் தலைகளில் கம்பெனியில் வைத்த பெயிண்ட் கோடு அப்படியே, துளி விலகாமல் நேராக இருந்தது. அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளில் வருடக்கணக்கான சேறு கல்லாக இறுகியிருந்தது, ஸ்பானர் பட்ட பளபளப்பு ஒன்றிலும் இல்லை. ஆயில் சம்ப்பின் (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) போல்ட்டுகளும் அப்படியே. ஆயில் வடிக்கும் ட்ரெய்ன் பிளக்கில் மட்டும் புது ஸ்பானர் தடம். ஆயிலை வடித்து மாற்றியதோடு சரி. இந்தப் போல்ட்டுகளைத் தொடாமல் கியர்பாக்ஸை இறக்கவோ கிளட்ச் பிளேட்டை எடுக்கவோ வழியே இல்லை. டிரேயில் காட்டியது வேறு எந்த வண்டியுடையதோ.

கோளாறு இருந்தது சென்சாருக்குப் போகும் கனெக்டரில். கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு, ரப்பர் சீல் பிய்ந்து தண்ணீர் இறங்கியிருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, சீல் மாற்றி, மல்ட்டிமீட்டரில் ஒயரைச் சோதித்து, ஃபால்ட் கோட்-ஐ அழித்து ஓட்டிக் காட்டினார். 1,800 ரூபாய். இன்றுவரை வண்டி ஒழுங்காக கியர் மாறுகிறது.

எந்த கியர்பாக்ஸும் கெட்டுப்போகாது என்று நான் சொல்லவில்லை. சூடானதும் ஆர்.பி.எம். ஏறி வண்டி நகராமல் வழுக்கினால், டி-யில் போட்டு வெகுநேரம் கழித்துதான் பிடித்தால், ஆயில் கருத்து தீய்ந்த வாடை வந்தால், சம்ப்பின் காந்தத்தில் உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்ப்பது நியாயமே. ஆனால் அப்போதும் வண்டியை விடும் முன்பே ஃபால்ட் கோட் என்ன என்று எழுதி வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியில் மாட்டி கோட் படிக்கும் கருவி) மலிவாகக் கிடைக்கிறது, நீங்களே படித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். பி0700 என்று மட்டும் வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறு கோட் காத்திருக்கிறது என்று பொருள், அதைப் படிக்க நல்ல ஸ்கேனர் வேண்டும். அடியில் இருக்கும் போல்ட்டுகளையும் போன் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஒர்க்‌ஷாப்காரர் போனை எடுப்பதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று, வக்கீல் நோட்டீசும் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி (முன்பு இ-தாக்கில்) தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எங்களிடம் இருப்பது ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, டிரே போட்டோ, போல்ட்டுகளின் போட்டோ, எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட். உங்களில் யாருக்காவது இதே போல் டிரேயைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், வண்டியை வேறு இடத்தில் பிரிக்கக் கொடுப்பதற்கு முன்பே அடிப்பக்கத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு தடவை ஸ்பானர் பட்டுவிட்டால் அப்புறம் நிரூபிக்க முடியாது.