காப்ரிக்கு ஒரு நாள் பயணமா? நீலக் குகைக்கு உறுதி தருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் காப்ரித் தீவுக்கு ஒரு நாள் சுற்றுலா விற்கும் கடைகள் ஏராளம். அவற்றில் ஒன்றில் ஆளுக்கு 135 யூரோ கொடுத்து, என் மனைவி, பெற்றோருடன் ஜூன் மாதம் போய்வந்தேன். நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். பெற்றோர் கோடை விடுமுறைக்கு எங்களிடம் வந்திருந்தார்கள். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர்ப் பலகை எந்த நேரமும் மாறலாம், விற்கும் விதம் மாறாது. அந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

கடைக்காரர் எங்களிடம் சொன்னது இது: நேப்பிள்ஸிலிருந்து போகவரக் கடலில் விரைந்து செல்லும் அதிவேகப் படகு, காப்ரி ஊர், மலைமேல் இருக்கும் அனகாப்ரி, மதிய உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக நீலக் குகை. இந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் அம்மா ஆசைப்பட்டார். சுவர் முழுவதும் அந்தக் குகையின் படங்கள்தான். என் மனைவி எதையும் கேட்காமல் வாங்குகிறவர் அல்ல. "குகை மூடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டார். "கோடையில் மூடவே மாட்டார்கள், அம்மணி" என்றார் கடைக்காரர். "மாமாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அங்கே ஏறி இறங்க வேண்டுமா?" என்று கேட்டார். "படகை விட்டு இறங்கவே வேண்டாம், உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு வரலாம்" என்றார். "இதற்கு மேல் ஏதாவது செலவு உண்டா?" "ஒரு சென்ட் கூட இல்லை." மூன்று கேள்விக்கும் வந்தவை பொய்கள். தெரியாமல் சொன்ன பதில்களாகவும் இருக்க முடியாது. அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயங்கள் இவை.

குகையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தப் பொய்யின் அளவு புரியும். தீவின் வடமேற்குக் கரையில், செங்குத்தான பாறையின் அடியில் இருக்கிறது அது. உள்ளே ஏறத்தாழ 60 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஆனால் வாய் மிகவும் சிறியது. நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். பெரிய படகு எதுவும் உள்ளே போகவே முடியாது. வாசலில் காத்திருக்கும் சிறிய துடுப்புப் படகுக்கு மாற வேண்டும். நான்கு பேர் வரை ஏறலாம். ஏறியதும் படகின் அடித்தட்டில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் கணம் பார்த்து, தானும் பின்னால் சாய்ந்து படகை உள்ளே இழுத்துவிடுவார். ஆடும் படகிலிருந்து ஆடும் படகுக்குக் காலெடுத்து வைத்து, தரையில் படுத்து எழ வேண்டும். முழங்கால் வலிக்காரரிடம் "உட்கார்ந்தபடியே பார்க்கலாம்" என்று சொன்னவரை என்னவென்று சொல்வது!

உள்ளே அந்த நீலம் வருவதற்குக் காரணம், வாய்க்குக் கீழே நீருக்கடியில் இருக்கும் இன்னொரு பெரிய திறப்பு. அதன் வழியாக நுழையும் வெயிலில் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது; நீலம் மட்டும் கீழிருந்து மேலே ஒளிர்கிறது. ரோமானியர் காலத்திலேயே தெரிந்த இடம். 1826இல் ஆகஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியர் உள்ளூர் மீனவர் ஒருவரின் துணையோடு உள்ளே நீந்திப் போய் வந்து எழுதிய பிறகுதான் ஐரோப்பா முழுக்கப் புகழ் பரவியது. இவ்வளவு அழகான இடம் என்பதால்தான் இதை வைத்து ஏமாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மீட்டர் வாய்க்கு எவ்வளவு அலை வேண்டும் மூடுவதற்கு? மிகக் கொஞ்சம் போதும். வடமேற்கிலிருந்து மாயெஸ்திராலே என்ற காற்று வீசினால், வானம் பளிச்சென்று இருந்தாலும் குகை திறக்காது. முந்தின நாள் காற்றின் மிச்சமாக வரும் அலைகூடப் போதும். ஜூனிலும் மூடும், ஆகஸ்டிலும் மூடும். குளிர்காலத்தில் பல நாட்கள் திறப்பதே இல்லை. திறக்கலாமா என்பது அன்றைய காலைக் கடலைப் பார்த்து எடுக்கும் முடிவு. முந்தின நாள் மாலையில் நேப்பிள்ஸில் உட்கார்ந்துகொண்டு எவராலும் அதற்கு உறுதி சொல்ல முடியாது. உறுதி சொன்னார் என்றால், அந்த நிமிடமே அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை படகில் வழிகாட்டி ஒருவர் எங்களைப் பொறுப்பேற்றார். கரை இறங்குமுன் எல்லோரிடமும் ஆளுக்கு 5 யூரோ ரொக்கமாக வசூலித்தார். தீவில் இறங்குவதற்கு நகராட்சி வரியாம். வரி உண்மைதான், காப்ரியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இறங்குகட்டணம் 5 யூரோ. ஆனால் அதைக் கப்பல் நிறுவனம் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுகிறது. இதை அன்று மாலை படகுத்துறை டிக்கெட் சாளரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் குழுவில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ரசீது யாருக்கும் கிடையாது. பயணத்தின் நடுவில் 5 யூரோவுக்காக எவரும் சண்டை போடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வாங்கிய பணம் அது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் கசந்தது இந்தச் சிறிய தொகைதான்.

மரீனா கிராந்தே துறையில் இறங்கியதும், குகைக்குப் படகு விடும் சாளரத்தில் 'இன்று மூடல்' என்ற அட்டை தொங்கியது. வழிகாட்டி அதைக் கடந்து எங்களை வேகமாக நடத்திச் சென்றார். நான் நிறுத்திக் கேட்ட பிறகுதான், "கடல் சரியில்லை, அதற்குப் பதிலாகத் தீவைச் சுற்றிப் படகில் போகலாம், ஆளுக்கு 20 யூரோ" என்றார். குகைக்கு நாங்கள் ஏற்கெனவே கொடுத்த பணம்? ஒப்பந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இத்தாலிய மொழியில், வானிலையால் குகை மூடினால் பணம் திரும்பாது என்று இருந்தது. கடையில் அந்தத் தாளை எங்கள் கையில் கொடுத்தது பணம் வாங்கிய பிறகு.

இன்னொன்று. குகை திறந்திருந்தாலும் நாங்கள் வாசலில் மறுபடி பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். துடுப்புப் படகுக்கும் நுழைவுக்கும் சேர்த்து ஆளுக்கு 18 யூரோ அளவில் அங்கேயே தனியாக வாங்குகிறார்கள். எங்கள் டிக்கெட்டில் 'நீலக் குகை' என்று அச்சிட்டிருந்ததன் பொருள், குகை வாசல் வரை கொண்டுபோய் விடுவது மட்டுமே என்று வழிகாட்டியே ஒப்புக்கொண்டார். உள்ளே இருப்பது ஐந்து நிமிடம் போல. கோடையில் வாசலில் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. இதையும் எவரும் சொல்வதில்லை.

மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். மதிய உணவுக்கு வழிகாட்டி அழைத்துப்போன இடத்தில் இரண்டு மணி நேரம் போயிற்று. தண்ணீருக்கும், மேசையில் உட்கார்ந்ததற்கான 'கொப்பெர்த்தோ' கட்டணத்துக்கும் தனியாகக் கொடுத்தோம். பிறகு எலுமிச்சை மதுவும் வாசனைத் திரவியமும் விற்கும் கடைகள். அனகாப்ரிக்கு நேரமில்லை என்று கைவிரித்துவிட்டார். திரும்பும்போது அதிவேகப் படகுக்குப் பதில் மெதுவான கப்பல். அது நேப்பிள்ஸில் நாங்கள் கிளம்பிய மொலோ பெவெரெல்லோவில் நிற்கவில்லை, சற்றுத் தள்ளியுள்ள கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா துறையில் இறக்கிவிட்டது. அப்பா வலிக்கும் காலோடு அந்த வெயிலில் நடந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கடைக்குப் போனேன். முந்தின நாள் பேசியவர் இல்லை. இருந்தவர், "பயணத்தை நடத்தியது வேறு நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள்" என்றார். அந்த நிறுவனத்துக்கு எழுதினால், "விற்றவரிடம் கேளுங்கள்" என்று பதில் வந்தது.

சட்டம் ஏன் துணைக்கு வரவில்லை என்று தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலாப் பயணிகளைக் காக்க 2015/2302 என்ற நெறிமுறை இருக்கிறது. ஆனால் இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணங்கள் அதில் வராது. ஒரு நாள் சுற்றுலா முழுவதும் அந்த ஓட்டையில் விழுகிறது. கடல் பயணிகளின் உரிமைக்கு 1177/2010 என்ற விதி உண்டு: கப்பல் ரத்தானாலோ, 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினாலோ, மாற்றுப் பயணமோ பணமோ கேட்கலாம். இந்த விதியும் சுற்றிக்காட்டும் உல்லாசப் படகுகளுக்குப் பொருந்தாது. அதாவது துறைமுகச் சாளரத்தில் நீங்களே வாங்கும் சாதாரணக் கப்பல் டிக்கெட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் சுற்றிக்காட்டும் படகுக்கு இல்லை.

முற்றிலும் கையறு நிலையும் அல்ல. பொய் சொல்லி விற்பது இத்தாலியில் சட்டத்துக்குப் புறம்பானது. போட்டி, சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு, வேறொரு உறுப்பு நாட்டு வணிகரோடு தகராறு என்றால், ஐரோப்பிய நுகர்வோர் மையம் கட்டணமில்லாமல் எழுதிக் கேட்டுத் தருகிறது. நான் இரண்டும் செய்திருக்கிறேன். முன்பணத்தை அட்டையில் கட்டியிருந்ததால் வங்கியிலும் முறையிட்டேன். தாளில் அச்சிட்ட அனகாப்ரிக்குக் கூட்டிப்போகாததைக் காட்டியதால் அந்த முன்பணம் திரும்பி வந்துவிட்டது. ரொக்கமாகக் கொடுத்த மீதிக்கு வழியில்லை. "மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்று கேட்கும் கடையிலிருந்து அப்போதே வெளியே வந்துவிடுங்கள்.

காப்ரிக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுமார் 10 சதுர கிலோமீட்டர் தீவு. வழிகாட்டி இல்லாமல் தாராளமாகப் பார்க்கலாம். மொலோ பெவெரெல்லோவிலிருந்து அதிவேகப் படகு ஒரு வழிக்கு 25 யூரோ அளவில்; ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். சொரெந்தோவில் தங்கினால் இன்னும் பக்கம், அரை மணி நேரம் போதும். காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். இறங்கிய இடத்திலிருந்து காப்ரி ஊர்ச் சதுக்கமான பியாத்செத்தாவுக்குக் கம்பிவட ரயில் இருக்கிறது; சில நிமிடப் பயணம், சில யூரோக்கள்தான். அங்கிருந்து அனகாப்ரிக்குச் சிறிய பஸ்கள் ஓடுகின்றன. பகல் பத்து மணிக்கு மேல் இரண்டிலும் வரிசை நீளும், அதனால்தான் முதல் படகு என்கிறேன்.

குகை திறந்திருக்கிறதா என்று துறையில் இறங்கியதும் சாளரத்தில் கேளுங்கள். திறந்திருந்தால் அப்போது டிக்கெட் வாங்கினால் போதும். அனகாப்ரியிலிருந்து பஸ்ஸில் குகைக்கு மேலே வரை போய்ப் படியிறங்கியும் துடுப்புப் படகில் ஏறலாம். மோட்டார் படகுச் செலவு மிச்சம். முட்டியோ இடுப்போ வலிக்கும் பெரியவர்களை எந்த வழியிலும் கூட்டிப்போகாதீர்கள்.

மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். அனகாப்ரியில் இறங்கினால் மோன்தே சொலாரோ உச்சிக்கு ஒற்றை இருக்கைக் கம்பித் தொங்கு நாற்காலியில் போகலாம். 589 மீட்டர் உயரத்தில் நேப்பிள்ஸ் வளைகுடா முழுவதும் தெரியும். அதே ஊரில் சான் மிக்கேலே தேவாலயத்தின் தரை முழுக்க 1761ஆம் ஆண்டின் வண்ண ஓடுகளில் ஏதேன் தோட்டம். காசா ரோஸ்ஸா என்ற சிவப்பு வீட்டில், நீலக் குகையின் அடியிலிருந்து எடுத்த ரோமானியச் சிலைகள் இருக்கின்றன. நடக்கத் தெம்புள்ளவர்கள் கிழக்கு முனையில் திபேரியஸ் பேரரசரின் வில்லா யோவிஸ் இடிபாடுகளுக்குப் போகலாம். தன் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் ரோமை இந்தத் தீவிலிருந்துதான் ஆண்டார். இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் வழிகாட்டி காட்டவில்லை.

திரும்பும் டிக்கெட்டையும் காலையிலேயே எடுத்துவிடுங்கள், கடைசிப் படகுக்கு முந்தின படகில். கோடையில் மாலைப் படகுகள் நிரம்பிவிடும். கடல் கொந்தளித்தால் முதலில் நிறுத்தப்படுவது அதிவேகப் படகுகள். கனத்த கப்பல்கள் பெரும்பாலும் அதன் பிறகும் ஓடும். எனவே கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவுக்குப் போகும் கப்பலின் கடைசி நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.