குன்னூர் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: ஃப்ரேசல் வெர்ப் பாடம் எப்படி?

ஹோம்ஸ்டே ஊழியர்களுக்கும் டாக்சி ஓட்டுநர்களுக்கும் குன்னூரில் நடக்கும் இந்த வகுப்பில், ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்) பாடத்துக்காகவே சேரலாம். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. சொல் வரிசையில் தொடங்குகிறார்கள், அதுதான் சரி.

‘டர்ன் ஆஃப் தி ஹீட்டர்’, ‘டர்ன் தி ஹீட்டர் ஆஃப்’ இரண்டும் சரி. ஹீட்டருக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பு. ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் தெம்’ மட்டுமே. காரணம், இங்கே ‘ஆஃப்’ வினையடை (அட்வெர்ப்), ‘ஆஃப்டர்’ முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). இந்த வேறுபாட்டைக் காதாலும் கண்டுபிடிக்கலாம்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும், ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மேல். ‘பிக் தெம் அப்’ என்று கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்லவைக்கும் வாய்ப்பயிற்சி அருமை.

‘கோப் அப் வித்’ நம் ஊரில் விடாமல் தொடரும் பிழை. ‘புட் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட ‘அப்’ அது. சமாளிப்பதைச் சொல்ல ‘கோப் வித்’ போதும். இதையும், வெறும் ‘டிஸ்கஸ்’ போதும் என்ற இடத்தில் வரும் ‘டிஸ்கஸ் அபவுட்’ பிழையையும் கண்டிப்பாகத் திருத்துகிறார்கள்.

குறை ஒன்று. மலை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. ஓட்டுநர்களுக்கு முதல் நாளே தேவைப்படும் இந்தப் பாடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். வெறும் ‘கெட் அவுட்’ என்றால் பயணியை விரட்டுவது போலாகிவிடும். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர், சார்’ என்று முழு வாக்கியமாகவே பழக்க வேண்டும்.