காக்கா ஆழியை முதல்ல கண்டுபிடிக்கிறது யாரு: காலா, தகடா, லேபா?

எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்துல இறங்கிப் பழகினவங்களுக்கு காக்கா ஆழின்னா என்னன்னு சொல்ல வேணாம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், வெளிநாட்டுல இருந்து வந்து இங்க பரவுற ஒரு சிப்பி இது, ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீளத்துல கருப்பும் பிரவுனுமா இருக்கும், சிலது பச்சையாவும் வரும், நார் விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு சேத்து மேல ஜமக்காளம் விரிச்ச மாதிரி படர்ந்துடும். புக்ல மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டான்னு பேரு, சொந்த ஊரு தென் அமெரிக்கா பக்கம். கப்பலுங்க பாரத்துக்காக ரொப்பிக்கிட்டு வர்ற பேலஸ்ட் தண்ணியில குஞ்சா வந்திருக்கும்னுதான் சொல்றாங்க. இறாலுக்கு சேத்துல புதைய இடம் வேணும், மேல இது மூடிட்டா அதுக்கு இடமே இல்ல, பறிக் கூடையை பல்லுல கடிச்சுக்கிட்டு கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் அக்காங்களுக்கு கையில மாட்டுறது வெறும் ஓடும் விரல் கீறலும்தான்.

சரி, இந்த மாதிரி ஒண்ணு வந்தா சீக்கிரம் கண்டுபிடிக்க என்ன வழின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மீனவங்க கண்ணு போதும்னு ஒரு கட்சி, தகடு தொங்கவிடணும்னு ஒரு கட்சி, இப்போ புதுசா தண்ணியை வடிகட்டி டிஎன்ஏ பாத்தா போதும்னு ஒரு கட்சி. நான் விலங்கியல் படிச்சவ, என் தாய்மாமா ஆத்துல வலை போடறவரு, அதனால மூணையும் கிட்ட இருந்து பாத்திருக்கேன்.

முதல்ல மாமா கால். காலையில தண்ணி வத்தும்போது இறங்கி நடப்பாரு, ஒரு நாள் வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்து காலை மடக்கி காட்டினாரு, உள்ளங்கால்ல பிளேடு போட்ட மாதிரி மெல்லிசா நாலு கோடு. "இது மட்டி ஓடு இல்லம்மா, வேற எதோ"ன்னாரு. லேப் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சது அந்தக் கால்தான், தினமும் ஆத்துல இருக்கற ஆளுக்கு எது புதுசுன்னு உடனே தெரியும், அதுக்கு செலவும் இல்ல. ஆனா ரெண்டு குறை இருக்கு. ஒண்ணு, கால் கிழியற அளவுக்கு வந்துட்டா அது ஏற்கனவே குடியேறி பல மாசம் ஆயிருக்கும். இன்னொண்ணு, பேரு சொல்றது. சின்னதுல இது பச்சை ஆழிக்குஞ்சு மாதிரியே இருக்கும், சிங்கப்பூர்ல 2016 வாக்குல இது பெருகினப்போ கூட டிஎன்ஏ பாத்துத்தான் எந்த இனம்னு உறுதி பண்ணாங்க. மாமா ஒரு கை அள்ளி கவர்ல போட்டு ஒரு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாரு, போட்டோ எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, கையில பொருளே இருக்கும்போது போட்டோ எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

தகடு விஷயம் சிம்பிள். பிவிசி தகட்டை கயித்துல கட்டி படகு நிறுத்தற மேடையில இருந்து ஒரு மீட்டர் ஆழத்துல தொங்கவிடணும், மாசத்துக்கு ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ தூக்கிப் பாக்கணும். தண்ணியில மிதக்குற குஞ்சு ஒட்டறதுக்கு கெட்டியான இடம் தேடும், நாம அந்த இடத்தைக் குடுத்து காத்திருக்கோம், அவ்ளோதான். நான் முதல்ல தூக்கின தகடு முழுக்க கொட்டலசும் வழவழன்னு பாசியும்தான், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, லென்ஸ் வெச்சு ஓரமா பாத்தா எள்ளு சைஸ்ல ரெண்டு ஆழி, நார் கூட விட்டிருந்துச்சு. கால்ல குத்தறதுக்கு ரொம்ப முன்னாடியே புடிச்சாச்சு பாருங்க. தொங்கவிட்ட இடத்தைத் தவிர வேற எங்கயும் எதுவும் சொல்லாது, கயிறு அறுந்தா மூணு மாச வேலை போச்சு, இதெல்லாம் உண்மைதான். இன்னொண்ணு யாரும் பேசறதில்ல, அனல் மின் நிலையத்துக்கு தண்ணி இழுக்கற குழாய் வாயே ஒரு பெரிய தகடுதான். அமெரிக்காவுல ஜாக்சன்வில்ல இதே ஆழி 1986ல முதல்ல தெரிய வந்ததே ஒரு மின் நிலையத்து குழாயை அடைச்சப்போதான். நம்ம பக்கமும் அந்த சல்லடையை கிளீன் பண்றவங்க கையில எது வருதுன்னு யாராவது கேட்டா போதும்.

தண்ணியை வடிகட்டி டிஎன்ஏ பாக்கறதுக்கு ஈடிஎன்ஏன்னு பேரு, அதைப் பத்தி ஆசையா பேசறவங்க நிறைய. ஒரு ரெண்டு லிட்டர் தண்ணியை சன்னமான ஃபில்டர்ல வடிகட்டி, அதுல உதிர்ந்து கிடக்கற டிஎன்ஏவை எடுத்து, பிசிஆர் மெஷின்ல இந்த இனம் இருக்கான்னு பாக்கறது. ஒரு ஆழி கூட கண்ணுல படாத ஸ்டேஜ்லயே காட்டிக்குடுக்கும், அது பெரிய விஷயம்தான். ஆனா எண்ணூர் தண்ணி எப்படின்னு தெரியும்ல, சேறும் சாம்பலும், அரை லிட்டர் போறதுக்குள்ள ஃபில்டர் அடைச்சுக்கும். அலை ஏறி இறங்கறதுல டிஎன்ஏ எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது, உயிரோட இருக்கா செத்துடுச்சான்னும் சொல்லாது, துறைமுகத்துக்கு பக்கத்துல பாசிட்டிவ் வந்தா அது கப்பல் கொட்டின தண்ணியில வந்ததா இங்க குடியேறினதான்னு பிரிக்கவே முடியாது.

சீக்கிரம் தெரியறதுக்கு என்ன மதிப்புன்னு ஆஸ்திரேலியாவுல டார்வின் கதையைப் பாக்கணும். 1998 செப்டம்பர்ல டைவருங்க இறங்கி பாத்தப்போ அங்க படகுத் துறையில ஒண்ணும் இல்ல, 1999 மார்ச்ல வேற ஒரு வகை அயல் ஆழி அப்பிக்கிடந்துச்சு, உடனே துறை வாய்ல இருந்த கேட்டை மூடி குளோரினும் மயில்துத்தமும் ஊத்தி ஒரு மாசத்துல ஒழிச்சுட்டாங்க. அங்க மூடறதுக்கு கேட் இருந்துச்சு. கொசஸ்தலைக்கு எந்த கேட்டை மூடறது?

அதனால என் ஓட்டு இப்படி. கப்பல் நிக்கிற இடத்துல தகடு, அதை தூக்கிப் பாக்கற வேலைக்கு குப்பத்து ஆளுங்களுக்கே சம்பளம், ஆத்துல கிடைக்கற புது சிப்பியை வாங்கி ஒரு வாரத்துல பேரு சொல்ற ஒரு லேப். ஈடிஎன்ஏ பழவேற்காடு ஏரியில இது இன்னும் போய் சேராத ஓரங்களுக்கு வெச்சுக்கலாம், ஏற்கனவே கம்பளம் விரிச்ச இடத்துல அந்த காசை கொட்டறது வேஸ்ட்.

மாமாவுக்கு நான் கொஞ்சம் ஸ்பிரிட்டும் மூடி போட்ட சின்ன டப்பாவும் வாங்கிக் குடுத்திருக்கேன், தெரியாத சிப்பி எது மாட்டினாலும் தேதியும் இடமும் பென்சில்ல எழுதி உள்ளயே போட்டு வைக்கறாரு. இதுவரைக்கும் ஒம்பது டப்பா சேந்துடுச்சு, வாங்கிட்டுப் போக இன்னும் யாரும் வரல.