பதிப்புரிமை வடிகட்டி உள்ள வீடியோ தளம்: 2/5

மூன்று வருடமாகப் பணம் கட்டிப் பயன்படுத்துகிறேன். வேகமும் படத்தின் தரமும் அருமை. பதிப்புரிமை வடிகட்டிதான், அதாவது அடுத்தவருக்கு உரிமையான இசையோ படமோ இருக்கிறதா என்று வீடியோக்களைத் தானாகவே சோதிக்கும் மென்பொருள்தான் பிரச்சினை. பேத்தோவன் இறந்தது 1827-ல், அவர் இசைக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதை நானே கீபோர்டில் வாசித்துப் பதிவேற்றினால், ஏதோ இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவு என்று சொல்லி நாலாவது நிமிடத்திலிருந்து சத்தத்தையே நிறுத்திவிட்டார்கள். மேல்முறையீட்டுப் படிவத்தில் விளக்கம் எழுத 200 எழுத்துக்குத்தான் இடம், பத்தொன்பது நாள் கழித்து வந்த பதிலோ ஒரே வரி, 'நிராகரிக்கப்பட்டது'.

இப்படி ஆகிவிடுமோ என்று பயந்துதானே 2012 பிப்ரவரிக் குளிரில் பதிப்புரிமை மீறலையும் போலிப் பொருட்களையும் தடுப்பதற்கான ஆக்டா (ACTA) என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தை எதிர்த்து ஐரோப்பிய நகரங்களில் மக்கள் தெருவில் நின்றார்கள்! முந்தைய அக்டோபரில் டோக்கியோவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டிருந்த அந்த ஒப்பந்தத்தை, ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற வாக்கில் நிராகரித்தது. திருட்டைத் தடுக்கட்டும், கலைஞருக்குப் பணம் போகட்டும், சரி. ஆனால் சத்தத்தை நிறுத்தும் முன் ஒரு மனிதராவது காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? அப்புறம், இங்கே பதிவேற்றுபவர்கள் மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள், மேல்முறையீட்டில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.